கேபிளை ஆட்டாதீங்க

அக்காவின் மேசையில் ஒரு போன் கேபிளோடு படுத்திருந்தால் கடையில் யாரும் அந்த மேசையில் கை ஊன்றக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. மின்விசிறிக் காற்றில் கேபிள் லேசாக அசைந்தால்கூட எழுந்து போய் விசிறியை அணைத்துவிடுவாள். சாரல் இல்லாத மாதங்களில் தென்காசி எப்படி வேகும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் வேர்வை வழிய நிற்பார்கள். முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்ப்பார். அவள் திரையை மட்டும் பார்ப்பாள். யாராவது தெரியாமல் மேசையைத் தொட்டுவிட்டால், திரும்பாமலே, "கேபிளை ஆட்டாதீங்க" என்பாள். குரலை உயர்த்தமாட்டாள். அந்தக் குரலைக் கேட்டு ஒரு போலீஸ்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது அந்த செல்போன் கடை. முன்பக்கம் கவர், சார்ஜர், கண்ணாடி ஒட்டுவது எல்லாம் என் பொறுப்பு. போனைத் திறந்து பார்க்கும் வேலைகள் பக்கத்துக் கடைக்காரரிடம் போய்விடும். திறக்காமல், கம்ப்யூட்டரில் மாட்டி எழுப்ப வேண்டிய போன்கள், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அவளிடம் வரும். கம்பெனிச் சின்னம் வரை வந்து அதற்கு மேல் நகராமல் நின்றுவிடும் போன்கள் அவை.

அப்படிப்பட்ட போனை மாட்டியதும் கம்ப்யூட்டர் இரண்டு வழி கேட்கும். ஒன்று, உள்ளே இருப்பதைத் தொடாமல் மென்பொருளை மட்டும் மறுபடி ஏற்றுவது. மற்றது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. முதல் வழி லேசில் நடக்காது. நடுவில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் கோளாறு என்று சொல்லி நின்றுவிடும். அதனால் பெரும்பாலான கடைகளில் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு இரண்டாவதை அமுக்கிவிடுவார்கள். போன் எழுந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது.

அக்கா இரண்டாவதை அமுக்கமாட்டாள். அவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது ஏறக்குறைய இது ஒன்றுதான். கேபிளை மாற்றுவாள், முயல்வாள். பழைய கேபிளையே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் மாட்டுவாள், முயல்வாள். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு முயல்வாள். ஒரே தடவையில் இரண்டை மாற்றமாட்டாள். மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடுமாம். போன்காரர்களிடம் அவள் அதிகம் பேச்சுக் கொடுப்பதும் இல்லை. எப்படி ஆச்சு, எப்போது ஆச்சு என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்தால், "வச்சிட்டு உக்காருங்க, போன் சொல்லும்" என்பாள்.

இந்தக் குணத்தால் எல்லோருக்கும் நல்லதுதான் நடந்தது என்று சொல்லமுடியாது. வீரகேரளம்புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு அன்று சாயங்காலம் ரயில் ஏற வேண்டும். அனுமதிச் சீட்டு போனுக்குள் இருக்கிறது, போன் எழவில்லை. அக்கா கேபிளில் ஆரம்பித்தாள். அவன் நின்றான், நடந்தான், வாசலுக்குப் போய் மணி பார்த்துவிட்டு வந்தான். துடைத்துக் கொடுங்கள் என்று கேட்டான். கொஞ்சம் பொறு என்றாள். கடைசியில் அவன் கேபிளைப் பிடுங்கி, போனை எடுத்துக்கொண்டு, "நீங்க வருசக்கணக்குல பாருங்க, எனக்கு இன்னைக்கு ரயிலு" என்று சொல்லிவிட்டு வேறு கடைக்கு ஓடினான். அங்கே துடைத்துக் கொடுத்தார்கள். சீட்டு அவன் மெயிலில் இருந்திருக்கிறது, மறுபடி இறக்கி அச்செடுத்து ரயிலைப் பிடித்துவிட்டான். ஊர் திரும்பிய பிறகு கடைக்கு வந்து வேண்டுமென்றே சத்தமாக இதைச் சொன்னான். அக்கா கேட்டுக்கொண்டாள். நல்லதாப் போச்சு என்றாள். அடுத்து வந்த போனைக் கேபிளிலிருந்துதான் ஆரம்பித்தாள்.

சீசனில் குற்றாலத்தில் குளிக்க வருபவர்களின் போன்கள் நனைந்து வரும். அவற்றை மாட்டவே மாட்டாள். ஒரு தடவை ஐந்தருவியில் நனைந்த போனோடு ஒரு வெளியூர்க்காரர் வந்து, சும்மா மாட்டிப் பாருங்கள், இல்லையென்றால் உங்களுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம் என்றார். அக்கா அந்தப் போனைத் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். ஈரத்தோடு மாட்டினால் கொன்றது நானாகிவிடும் என்று மட்டும் சொன்னாள். அவர் திட்டிக்கொண்டே போனார். அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. திட்டுக்காக இல்லை. அந்த ஆள் வேறு எங்காவது கொண்டுபோய் ஈரத்தோடு மாட்டிவிடுவார் என்ற கவலையில்.

அவளுடைய சொந்த போனை ஒரே ஒரு தடவைதான் எனக்குக் காட்டினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவள் புருஷன் வடக்கே எங்கோ இருந்தான், வேறு ஒருத்தியோடு. நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்று என்ன தோன்றியதோ, போனை என் பக்கம் தள்ளினாள். அவளைத் திட்டி அவன் அனுப்பிய செய்திகள். நான் கொஞ்சம்தான் படித்தேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. இதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அழிச்சிட்டா அவன் சொல்லவே இல்லன்னு ஆயிரும்லா" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. போனை வாங்கி, திரையைத் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். தினமும் பஸ்ஸில் இதைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறாள் போகிறாள் என்று நினைத்தபோது எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அவள் எதை எதையெல்லாம் அழிக்காமல் வைத்திருக்கிறாளோ!

அவளை நினைத்தால் முதலில் வருவது ஒரு சாரல் நாள். அருவியில் தண்ணீர் மிஞ்சிப் போய்க் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க வந்த கூட்டம் தென்காசிக் கடைத்தெருவில் திரிந்தது. எங்கள் கடையிலும் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். மகளுக்கு வயிற்றில் பிள்ளை, மாதம் ஏறியிருந்தது. பெரியவருக்குத் தடித்த முன்கைகள். கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி. அவர் மூச்சு விடும்போது அந்தத் துணி லேசாக உள்ளே போய் வெளியே வந்தது.

மகள்தான் பேசினாள். அப்பாவுக்குச் செங்கோட்டை போகிற ரோட்டில் பரோட்டாக் கடை. தொண்டையில் புற்று. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள், மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான், இனிமேல் பேச்சு கிடையாது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவள் அப்பாவை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் போனில் பதிந்திருக்கிறாள். முதலில் வெட்கப்பட்டவர், பிறகு தானாகவே தனியாக உட்கார்ந்து பதிய ஆரம்பித்துவிட்டாராம். வீட்டு ஆட்களின் பேர், கதவைச் சாத்து, தண்ணி கொண்டா, கடையில் தினமும் சொல்கிறவை எல்லாம். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு படம் வைத்துக் கொடுத்திருந்தாள், இப்போது தேவையானதைத் தொட்டால் போன் அவர் குரலில் பேசும். அதை வைத்துத்தான் மறுபடி கடையில் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்து போன் பாதியில் அணைந்துவிட்டது. அதிலிருந்து சின்னத்தோடு நிற்கிறது. வேறு ஒரு கடையில் துடைத்தால்தான் எழும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா கடைக்குப் போகவில்லை.

"வேற எங்கயும் காப்பி இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "எடுக்கணும் எடுக்கணும்னே இருந்தேன்க்கா."

அதன் பிறகு அக்கா எதுவும் கேட்கவில்லை. விசிறியை அணைத்தாள். முதலில் சார்ஜ் துளையைப் பல்குச்சியால் சுத்தம் செய்தாள், சட்டைப்பை நூல் சுருளாக வந்தது. மாட்டினாள். கம்ப்யூட்டருக்குப் போன் இருப்பதே தெரியவில்லை. கேபிளை மாற்றியதும் தெரிந்தது. முதல் வழியை அமுக்கினாள். மென்பொருள் இறங்கி முடிப்பதற்குள் போன் பொறுமை இழந்து பழையபடி சின்னத்துக்குப் போய்விட்டது. மறுபடி பொத்தான்களை அமுக்கிப் பிடித்துக் கொண்டுவந்தாள். திரையில் கோடு வளர ஆரம்பித்தது. பாதி தாண்டும்போது 'டுடுங்' என்று ஒரு சத்தம். இணைப்பு அறுந்தது.

அந்தச் சத்தத்தை நான் அன்று எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. பின்பக்கத் துளைக்கு மாற்றினாள், அறுந்தது. வைரஸ் தடுப்பை நிறுத்தினாள், அறுந்தது. பில் போடும் கம்ப்யூட்டரைக் கேட்டாள். கூட்ட நேரத்தில் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். அதிலும் அறுந்தது. மழையில் கடையின் நெட் ஆடுகிறதோ என்று என் போனிலிருந்து நெட் எடுத்தாள். அப்போதும் அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்து 'டுடுங்'. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் இரண்டாவது வழியை மரியாதையாகக் காட்டிக்கொண்டு நின்றது. போனில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று அந்த நிலையில் பார்க்க வழியில்லை. அது தீர்ந்தால் எழுப்புவது இன்னும் கஷ்டம். அக்காவின் மேலுதட்டில் வேர்வை துளித்திருந்தது.

பெரியவர் சும்மா நிற்கவில்லை. மேசை விளிம்பை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "கேபிளை ஆட்டாதீங்க" என்றாள் அக்கா. அவர் நிறுத்தினார், கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டினார். மகள் அவர் கையைப் பிடித்து, அப்பா, அவங்க பாக்காங்கல்லா, சும்மா இருங்க என்றாள். அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுதிக் காட்டவும் அவருக்கு வராது. கையெழுத்து மட்டும்தான் பழக்கம் என்று மகள் எங்களிடம் சொன்னாள். அதையும் அவருக்குப் பதிலாக அவள்தான் சொன்னாள்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு, போன் முழுசாகச் செத்துப்போவதற்கு முன்னால் துடைத்தாவது எழுப்பிவிடலாம் அம்மா என்று பக்குவமாகச் சொன்னார். அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, "அழிச்சிருங்கக்கா. எத்தன நேரந்தான் நீங்களும் பாப்பிய" என்றாள்.

அக்காவின் கை மௌஸ் மேல் இருந்தது. அம்பு திரையில் மெதுவாக நகர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டாவது வழியை நோக்கித்தான் போனது. அவ்வளவு வருடத்தில் அவள் கை அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

அப்போது பெரியவர் உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தார். போன் துள்ளியது. கேபிள் கழன்று தொங்கியது. மகள் பயந்து போய் அவர் தோளைப் பிடித்தாள். அக்கா கத்துவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர்கள் கடைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்க்கிறாள்.

அவர் இரண்டு கையையும் நீட்டினார். காற்றில் எதையோ அழுத்திப் பிசைந்தார். உருட்டினார். இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றி வீசினார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டிவிட்டு, போனின் அடிப்பக்கத் துளையைச் சுட்டினார்.

"மாவா?" என்றாள் அக்கா.

அவர் தலையை மட்டும் ஆட்டவில்லை, உடம்பு முழுக்க ஆடியது.

பக்கத்துக் கடையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி வந்தேன். அக்கா துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். நூலை எடுத்துச் சுத்தம் செய்தாயிற்று என்று அவள் நினைத்த இடத்துக்கு அடியில், மைதாவும் எண்ணெயும் சேர்ந்து இறுகி, போஸ்டர் ஒட்டிய பசை காய்ந்த மாதிரி ஒரு படலம் இருந்தது. மாவுக் கையோடு எடுத்து எடுத்துப் பேசவைத்த போன்! அக்கா ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டுப் பல்குச்சியால் சுரண்டினாள். வெள்ளையும் கறுப்புமாகத் துணுக்குகள் வந்தன. "முடிச்சாச்சுன்னு நெனச்ச எடத்துக்குத் திரும்பிப் பாக்கவே இல்ல பாத்தியா" என்றாள், யாரிடம் என்றில்லாமல். முதலில் வேண்டாம் என்று ஒதுக்கிய கேபிளையே எடுத்து மாட்டினாள். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. அதுவரை அந்தச் சத்தம் வரவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கோடு வளர்ந்தது. பாதியைத் தாண்டியது. அறுந்துகொண்டிருந்த இடத்தைத் தாண்டியது. கவர் வாங்க வந்தவர்கள்கூட அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னம் வந்தது, போனது, மறுபடி வந்தது. அப்புறம் மகளின் கல்யாணப் படம் திரையில் தெரிந்தது.

பெரியவர் ரகசிய எண்ணை அழுத்தினார். அழுத்திய கையோடு குரல்கள் இருக்கும் இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி. மொதல்ல காப்பி."

அவருக்குத் தாங்கவில்லை. கையை இழுத்தார். அவள் விடவில்லை. இன்னொரு கையால் நகலெடுக்கும் வேலையைத் தொடங்கினாள். நடுவில் மின்சாரம் போனது. பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. அது முடியும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிற மாதிரி. முடிந்தது என்று வந்ததும் அவள் கையை எடுத்தாள். அவர் மணிக்கட்டில் விரல் தடம் சிவந்திருந்தது.

அவர் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினார். அக்காவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டார்.

"கை கழுவிட்டு உக்காருங்க, சூடா வருது."

நல்ல கனத்த குரல். அதட்டுகிற மாதிரியும் உபசரிக்கிற மாதிரியும் இருந்தது. வெளியே சாரலுக்கு ஒதுங்கி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளிதான் முதலில் சிரித்தார். அக்கா தன் நகங்களைப் பார்த்தாள், நகக்கண்ணெல்லாம் மாவுப் பசை. எழுந்து பின்பக்கம் கை கழுவப் போனாள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம் இருந்தது. போனை வாங்கியதும் மாட்டமாட்டாள். எதிரே நாற்காலியைக் காட்டி, என்ன ஆச்சு சொல்லுங்க என்பாள். சொல்லி முடிக்கும் வரை கேட்பாள். சிலர் அவசியமில்லாத கதையெல்லாம் சொல்லுவார்கள். அதையும் கேட்பாள். வேலை இன்னும் தாமதமானது, முதலாளி இன்னும் பல்லைக் கடித்தார். துடைக்கும் வழியை மட்டும் அவள் தொடவில்லை. பின்னாளில் அவள் கொல்லத்தில் ஒரு பெரிய சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். நானும் வேறு வேலைக்கு மாறிவிட்டேன்.

அவள் போவதற்கு முன் பெரியவரும் மகளும் மறுபடி ஒரு தடவை வந்தார்கள், குழந்தையோடு. பெண் குழந்தை, பேர் கயல். ஆபரேஷனுக்குப் பிறகு வைத்த பேர், அதனால் தாத்தாவின் குரலில் அது மட்டும் இல்லை. இருக்கிற குரலிலிருந்து வெட்டி ஒட்டிச் செய்ய முடியுமா என்று மகள் கேட்டாள். அக்கா சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து செய்தாள். 'கதவைச் சாத்து' என்பதிலிருந்து 'க'. 'வயலுக்குப் போறேன்' என்பதிலிருந்து மீதி. இழுத்து, குறைத்து, மறுபடி இழுத்து, ஒரு வழியாக ஒரு பேர் மாதிரி ஆனது.

அவர்களை வரச்சொல்லி ஒலிக்கவிட்டாள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி போடச் சொல்லிக் கை காட்டினார். கேட்டுவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். விரலால் காற்றில் ஒரு கோடு கிழித்தார்.

மகள் பதறினாள். "இருக்கட்டும்ப்பா, இதாவது இருக்கட்டும்."

அக்கா அவளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். "அழிச்சிரவா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றதும் போனிலிருந்து அழித்தாள். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தாள். வெட்டிவைத்திருந்த துண்டுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. அது அவர் கூப்பிட்டது இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

குழந்தை அம்மாவின் மடியில் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் குனிந்து நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்ளக்' என்று ஒரு சத்தம் செய்தார். குழந்தை சட்டென்று திரும்பியது. காலை உதைத்துக்கொண்டு பல்லில்லாத வாயால் சிரித்தது.

"வீட்டுலயும் இதுதான்க்கா. இந்தச் சத்தம் கேட்டா அழுகைய நிறுத்திருவா" என்றாள் மகள்.

பின்னே இந்தப் பேர் வேலை எதற்கு என்று அக்கா கேட்டாள். எனக்குத்தான் ஆசை என்றாள் அந்தப் பெண், குரல் தாழ்ந்து. பெரியவர் சத்தமில்லாமல் சிரித்தார், தோள்கள் மட்டும் குலுங்கின. அக்கா குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் போய் அதே மாதிரி நாக்கைத் தட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. குழந்தை அவளைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பித் தாத்தாவைத் தேடியது.